விருப்ப விடுப்பு, வேலைப் பகிர்வு, விருப்ப ஓய்வு: விமானிகள் சங்கம் எதை ஏற்கலாம்?

குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஊட்டியிலும் குடும்பத்தை வைத்துக்கொண்டு, கோயம்புத்தூர் வழியாகப் பெங்களூருக்கோ தில்லிக்கோ சென்று பணியேற்கும் விமானிகள் நீலகிரியில் இருக்கிறார்கள். முப்படைகளில் பணியாற்றி, குன்னூரை ஒட்டிய படை நகரமான வெலிங்டன் வழியாக இந்த மலையைப் பழகிக்கொண்டு, ஓய்வுக்குப் பின் பயணிகள் விமானத்துக்கு மாறியவர்கள் ஒரு பகுதி. தேயிலைக் குடும்பங்களிலிருந்து பெருங்கடன் வாங்கிப் பயிற்சி முடித்து, துணை விமானிகளாகச் சேர்ந்த இளையவர்கள் இன்னொரு பகுதி. சம்பளச் செலவைக் குறைக்க நிர்வாகம் விருப்ப விடுப்புத் திட்டம் ஒன்றை முன்வைத்து, அதைச் சங்கம் வாக்கெடுப்புக்கு விடும்போது எதற்கு வாக்களிப்பது, தாம் விண்ணப்பிப்பதா வேண்டாமா என்ற இரண்டு கேள்விகளும் இவர்களிடமிருந்து சேர்ந்தே வருகின்றன. இரண்டும் ஒன்றல்ல. தனக்குப் பொருந்தும் திட்டம் சங்கத்துக்குக் கேடாகலாம். சங்கத்துக்கு நல்ல ஒப்பந்தம் ஒருவரின் குடும்பத்துக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே சம்பளமில்லா விடுப்பு, பகுதிச் சம்பள விடுப்பு, வேலைப் பகிர்வு, விருப்ப ஓய்வு என்ற நான்கு வழிகளையும் ஒரே அளவுகோல்களில் வைத்துப் பார்க்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடுப்புக் காலத்தில் எத்தனை விழுக்காடு சம்பளம் என்பதில்தான் பெரும்பாலான பேச்சுவார்த்தைகள் சூடேறுகின்றன. ஆனால் விமானியின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது, எப்போது, எந்த இடத்துக்கு, எந்த நிபந்தனையில் திரும்பி வரலாம் என்ற பிரிவே.

## எடைபோடும் அளவுகோல்கள்

முதலாவது, திரும்பும் உரிமை. விடுப்பு முடியும் தேதி ஒப்பந்தத்தில் அச்சிடப்பட்டிருக்கிறதா, அல்லது நிர்வாகத்தின் தேவைக்கேற்ப நீளுமா? இடையில் நிறுவனம் அழைத்தால் எத்தனை நாள் அவகாசம்? அதே விமான வகை, அதே பணித்தளம், அதே பணிமூப்பு எண் திரும்பக் கிடைக்குமா? கேப்டன் பதவி உயர்வு பணிமூப்பை ஒட்டியே வருவதால், விடுப்பு மாதங்கள் பணிமூப்பில் சேருமா என்பது இளையவர்களுக்குச் சம்பளத்தைவிடப் பெரிய கேள்வி. மலையில் இருப்பவர்கள் அழைப்புக்கான அவகாசத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம்–குன்னூர்ச் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். சில ஆண்டுகளில் அந்தச் சாலையும் அடைபடுகிறது. நாற்பத்தெட்டு மணி நேர அழைப்பு என்ற பிரிவு சென்னையில் இருப்பவருக்குச் சிரமம் மட்டுமே. இங்கே இருப்பவருக்கு அது ஒழுங்கு நடவடிக்கை வரை கொண்டுபோய் விடலாம்.

இரண்டாவது, பறக்கும் தகுதி. விமானியின் உரிமம் பயன்படுத்தப்படாமல் இருந்தால் நடைமுறையில் முடங்கிவிடும். கடைசி 90 நாட்களுக்குள் மூன்று முறை விமானத்தை ஏற்றி இறக்கியிருந்தால்தான் பயணிகளோடு பறக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறன் சோதனையில் தேற வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்று உயிரோடு இருக்க வேண்டும். இடைவெளி நீளும் அளவுக்கு மறுபயிற்சியும் நீளும். தரையிலேயே பறப்பதைப் பழகும் சிமுலேட்டர் கருவிகள் பெங்களூரு, ஐதராபாத், குருகிராம் போன்ற இடங்களில் இருக்கின்றன. அந்த நேரத்துக்கான கட்டணமும் பயணமும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்று எழுதப்படாவிட்டால், அது விடுப்பில் இருப்பவரின் தலையில் விழும்.

மூன்றாவது, சம்பளச் சீட்டில் தெரியாத பணம்: பி.எஃப்., பணிக்கொடை, குடும்ப மருத்துவக் காப்பீடு, உரிமம் பறிபோனால் ஈடு தரும் காப்பீடு, பயிற்சிக் கடன், வீட்டுக் கடன் தவணை.

நான்காவது, போதுமான பேர் முன்வராவிட்டால் என்ன நடக்கும் என்பது. இந்தப் பிரிவைப் படிக்காமல் வாக்களிப்பவர்கள், தாங்கள் விண்ணப்பிக்காத விடுப்பையும் சேர்த்து ஒப்புக்கொள்கிறார்கள்.

## நிர்வாகத்துக்கு இது ஏன் தேவை

மேசையின் எதிர்ப்புறக் கணக்கு தெரியாமல் எதையும் கேட்டுப் பெற முடியாது. பணிமூப்பைக் காக்கும் ஒப்பந்தம் உள்ள நிறுவனத்தில், ஆள் குறைப்பு கடைசியில் சேர்ந்தவர்களிடமிருந்து தொடங்கும். அவர்களின் சம்பளம்தான் மிகக் குறைவு. ஆகவே மிச்சமும் குறைவு. அதோடு, ஒரு வகை விமானம் நிறுத்தப்பட்டால் அதன் மூத்த விமானிகள் வேறு வகைக்கு மாறுவார்கள். அங்கிருந்தவர்கள் அடுத்த படிக்கு இறங்குவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சிமுலேட்டர் பயிற்சி வேண்டும். ஒருவரை வெளியேற்றப் பல பேருக்குப் பயிற்சி தரும் நிலை வரும். தேவை திரும்பும்போது இந்தச் சங்கிலி முழுவதையும் மறுபடி ஏற்ற வேண்டும்.

மூத்த கேப்டன் ஒருவர் தாமாகவே ஆறு மாதம் விலகினால் மிச்சம் அதிகம், சங்கிலி அசையாது. விருப்ப விடுப்பு நிர்வாகம் அளிக்கும் சலுகை என்றே அறிவிப்புகளில் சொல்லப்படும். அது நிர்வாகத்துக்கு உண்மையான பணத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு. ஆகவே அதற்கு விலை கேட்பது நியாயமானது. அந்த விலையைச் சம்பள விழுக்காட்டில் கேட்பதைவிடத் திரும்பும் உரிமையில் கேட்பது இரு தரப்புக்கும் எளிது, ஏனெனில் அதற்கு நிர்வாகம் இன்று பணம் எடுத்து வைக்க வேண்டியதில்லை.

கணக்கு எளிமையாக இருக்கட்டும் என்று, ஒரே சம்பளமும் மாதம் 70 மணி நேர உறுதி ஊதியமும் (குறைவாகப் பறந்தாலும் அத்தனை மணி நேரத்துக்குக் கிடைக்கும் சம்பளம்) உள்ள 100 விமானிகளை எடுத்துக்கொள்வோம். சம்பளச் செலவில் 10 விழுக்காடு குறைய வேண்டும்.

| வழி | எத்தனை பேர் விட்டுக்கொடுக்க வேண்டும் | பறக்கும் தகுதி | முக்கிய ஆபத்து |
|---|---|---|---|
| சம்பளமில்லா விருப்ப விடுப்பு | 10 பேர், முழுச் சம்பளம் | 90 நாளைக் கடந்தால் போய்விடும் | விருப்பம் கட்டாயமாக மாறுவது |
| பாதிச் சம்பள நீண்ட விடுப்பு | 20 பேர், பாதிச் சம்பளம் | நீண்ட மறுபயிற்சி | திடீர் அழைப்பு. நிறுவனம் நொடிப்பது |
| வேலைப் பகிர்வு | 100 பேரும், 70 மணி 63 ஆகும் | பெரும்பாலும் காக்கப்படும் | குறைத்தது திரும்ப ஏறாதது |
| விருப்ப ஓய்வு | 10 பேர், நிரந்தரமாக | பொருந்தாது | தொகை கணக்கிடும் அடிப்படை |

## முதல் வழி: சம்பளமில்லா விருப்ப விடுப்பு

இதில் குறுகியது, நீண்டது என இரண்டு வகை உண்டு. இரண்டின் குணமும் வேறு. ஹாங்காங்கின் கேத்தே பசிபிக் 2020 பிப்ரவரியில் தன் 27,000 ஊழியர்களையும் மார்ச் முதல் ஜூன் வரையிலான காலத்தில் மூன்று வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொள்ளக் கேட்டுக்கொண்டது. தொடக்கமும் முடிவும் தெளிவாக இருந்த ஏற்பாடு அது. அதே ஆண்டு ஜூலையில், அப்போது அரசு நிறுவனமாக இருந்த ஏர் இந்தியா கொண்டுவந்த திட்டத்தில் ஊழியர் விரும்பினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சம்பளமின்றி விலகியிருக்கலாம். அது ஐந்து ஆண்டு வரை நீளலாம். அதே திட்டத்தில், தகுதி, திறமை, உடல்நலம், மிகைப் பணியிடம் போன்ற காரணங்களை வைத்து எவரையும் கட்டாயமாகவும் அனுப்பும் அதிகாரம் நிறுவனத் தலைவருக்குத் தரப்பட்டிருந்தது. விமானிகளின் இரண்டு சங்கங்களும் அதை எதிர்த்தன, எதிர்த்தது சரியே. விருப்பமும் கட்டாயமும் ஒரே ஆவணத்தில் இருந்தால், விண்ணப்பிக்காதவரின் பெயர் அடுத்த பட்டியலில் வருமோ என்ற அச்சமே விண்ணப்பத்தை எழுத வைக்கும். 2022 செப்டம்பரில் ஸ்பைஸ்ஜெட் 80 விமானிகளை மூன்று மாதம் சம்பளமின்றி அனுப்பியபோது, அதில் விருப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மறைந்திருக்கும் செலவுகளில் நான்கைச் சொல்ல வேண்டும்.

சம்பளமில்லாத மாதங்களில் பி.எஃப். கணக்கில் இரு தரப்புப் பங்களிப்பும் நின்றுவிடும். இது பலருக்கும் தெரியும்.

பலருக்கும் தெரியாதது மகப்பேறு பற்றியது. 26 வார ஊதியத்துடனான விடுப்பைப் பெற, பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். உலகின் பல நாடுகளைவிடப் பெண் விமானிகளின் பங்கு இந்தியாவில் கூடுதல். அவர்களில் ஒருவர் நீண்ட சம்பளமில்லா விடுப்பில் இருக்கும்போது கருவுற்றால் அந்த 80 நாட்கள் நிறையாமல் போகலாம். விடுப்புக் காலம் இந்தக் கணக்குக்கு வேலை நாளாகவே கொள்ளப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினால் தீரும் சிக்கல் இது. பேச்சுவார்த்தைக் குழுவில் ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்தால் அந்த ஒரு வரி விடுபட்டுப்போகும்.

மூன்றாவது, பணி விலகல் அறிவிப்புக் காலம். 2017 முதல் கேப்டன்கள் ஓராண்டும் துணை விமானிகள் ஆறு மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. விடுப்பில் இருக்கும்போது வேறு வேலை கிடைத்தால், விடுப்பு நாட்கள் அந்த அறிவிப்புக் காலத்தில் சேருமா என்று முன்பே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சேராது என்றால், சம்பளமும் தராமல் வெளியேயும் விடாமல் ஓராண்டு கட்டிப்போடும் உரிமையை நிறுவனத்துக்குக் கொடுத்ததாக ஆகும். பயிற்சிக்காக எழுதிக்கொடுத்த ஒப்பந்தப் பத்திரத்தின் காலமும் இப்படியே: விடுப்பில் அது ஓடுகிறதா, நிற்கிறதா?

நான்காவது, மாதத்துக்குச் சில நாள் என்று பிரித்துத் தரப்படும் விடுப்பில் வாராந்திர ஓய்வு கரைந்துபோவது. விமானிகளுக்கான புதிய பணிநேர விதிகளில் வாராந்திர ஓய்வு 48 மணி நேரமாக உயர்த்தப்பட்டு, விடுப்பை அதற்கு ஈடாகக் காட்டக் கூடாது என்ற பிரிவும் இருந்தது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் பெருமளவில் ரத்தானபோது இயக்குநரகம் அந்தப் பிரிவைத் திரும்பப் பெற்றது. ஆகவே அரசு விதி காக்கும் என்று நம்பியிருக்காமல், சம்பளமில்லா நாட்கள் வாராந்திர ஓய்வுக்கு மேலதிகமானவை என்பதைச் சங்க ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது அவசியம்.

இந்த வழி யாருக்கு ஏற்றது? வேறு வருமானம் உள்ளவர்களுக்கு. படையிலிருந்து வந்தவர்களுக்கு ஓய்வூதியமும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் இருப்பதால், மூன்று அல்லது ஆறு மாத இடைவெளியைத் தாங்க முடியும். மலையில் தனியாக இருக்கும் வயதான பெற்றோருக்கு அறுவை சிகிச்சை, பிள்ளையின் பொதுத்தேர்வு ஆண்டு போன்ற திட்டமான தேவை உள்ளவருக்கும் பொருந்தும். 90 நாளுக்குள் முடியும் விடுப்பு என்றால் திரும்பும் பாதை மிக எளிது. முடிந்தவரை அந்த எல்லைக்குள் கேளுங்கள்.

## இரண்டாம் வழி: பகுதிச் சம்பளத்துடன் நீண்ட விடுப்பு

பார்வைக்கு இதுவே மிகக் கனிவான ஏற்பாடு. 2020இல் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் பகுதிச் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் தந்து நீண்ட விடுப்பை அறிவித்தது. விமானிகளுக்கு அது ஐந்து ஆண்டு வரை இருந்தது. அதையும் விருப்ப வெளியேற்றத்தையும் சேர்த்து அந்நிறுவன ஊழியர்களில் கால் பங்குக்கு மேற்பட்டோர் ஏற்றுக்கொண்டார்கள். 2021இல் பயணிகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திரும்பியதும், விடுப்பில் இருந்த விமானிகளில் ஒரு பகுதியினரை நிறுவனம் முன்கூட்டியே அழைத்துக்கொண்டது. ஐந்து ஆண்டு என்று நம்பி ஊரை மாற்றிக்கொண்டவருக்கு அந்த அழைப்பு என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைகளைக் கோத்தகிரிப் பள்ளியில் சேர்த்து, வாடகைக்கு விட்ட பெங்களூரு வீட்டுக்கு ஒப்பந்தமும் போட்டுவிட்டவர், அழைப்பை மறுக்க உரிமை உள்ளதா என்பதைக் கையெழுத்துக்கு முன் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு செலவு நம் நாட்டுக்கே உரியது. ஆண்டுக்கணக்கில் பாதிச் சம்பளம் தருவதாக நிறுவனம் வாக்களிக்கும்போது, அந்த வாக்கு நிறுவனம் உயிரோடிருக்கும் வரைதான் செல்லும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மேயில் நின்றது. நொடிப்புச் சட்டத்தின்படி நிறுவனம் கலைக்கப்படும்போது, தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு 24 மாத நிலுவை வரை முன்னுரிமை உண்டு. மற்ற ஊழியர்களுக்கு அதற்கும் கீழான வரிசையில் 12 மாத நிலுவைதான். எந்த வகையில் தாம் வருவோம் என்பதே விமானிகளுக்கு வழக்காகிவிடக்கூடும். ஆகவே நிதிநிலை தளர்ந்த நிறுவனம் முன்வைக்கும் நீண்ட பகுதிச் சம்பள விடுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன், விழுக்காடு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும். நிறுவனம் உறுதியாக இருந்து, விமானி ஓய்வு வயதான 65ஐ நெருங்கிக்கொண்டிருந்து, மறுபடி பறப்பது கட்டாயமில்லை என்றும் இருந்தால், இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

## மூன்றாம் வழி: அனைவரும் சிறிது விட்டுக்கொடுக்கும் வேலைப் பகிர்வு

2020 செப்டம்பரில் அமெரிக்காவின் யுனைடெட் நிறுவன விமானிகள் உறுதி மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு, சுமார் 2,850 பேரின் கட்டாய வெளியேற்றத்தைத் தடுத்தார்கள். அந்நாட்டின் டெல்டா நிறுவனத்தில் 1,800க்கும் மேற்பட்ட விமானிகள் முன்கூட்டியே ஓய்வு பெற்ற பிறகும் 1,700க்கும் மேற்பட்டோர் வேலை இழக்கும் நிலை இருந்தது. நவம்பரில் உறுதி மணி நேரத்தில் 5 விழுக்காட்டை விட்டுக்கொடுத்து அந்த வேலைகளைக் காத்தார்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானிகள் 20 விழுக்காட்டில் தொடங்கி இரண்டு ஆண்டுகளில் 8 ஆகி, பின்னர் முற்றிலும் நீங்கும் சம்பளக் குறைப்பை ஏற்றார்கள். இந்தக் கடைசி ஒப்பந்தத்தில் கற்க வேண்டியது அந்தப் படிநிலை. குறைப்பு எப்போது, எந்தப் படிகளில் நீங்கும் என்பது ஒப்பந்தத்துக்குள்ளேயே இருந்தது.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கே பார்த்திருக்கிறோம். இந்திய நிறுவனங்களில் வழக்கமாக இருந்த 70 மணி நேர உறுதி ஊதியத்தை 40 மணி நேரமாக்கும் புதிய சம்பள அமைப்பு 2024இல் விஸ்தாரா விமானிகளிடம் வந்தது. அதை ஒட்டிய அதிருப்தியில் ஏப்ரலில் விமானங்கள் ரத்தாகி, நிறுவனம் நாளொன்றுக்கு 25 முதல் 30 விமானங்களைக் குறைத்துக்கொண்டது. நெருக்கடிக்காகக் குறைத்த எண், நெருக்கடி தீர்ந்த பின்னும் அடுத்த பேச்சுவார்த்தையின் தொடக்கப் புள்ளியாகிவிடும். ஆகவே வேலைப் பகிர்வில் சங்கம் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று, முடிவுத் தேதி. அந்தத் தேதியில் புதிய ஒப்பந்தம் ஏற்படாவிட்டால் பழைய மணி நேரம் தானாகத் திரும்ப வேண்டும்.

குறைப்பு எங்கே விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அடிப்படைச் சம்பளத்தில் விழுந்தால் பி.எஃப். பங்களிப்பு குறையும், கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் கணக்கிடப்படும் பணிக்கொடையும் குறையும். 20 லட்ச ரூபாய் உச்சவரம்பை எட்டும் மூத்த கேப்டனுக்கு இது பெரிதாகத் தெரியாது. சில ஆண்டுகள் பணிபுரிந்து வெளியேறக்கூடிய துணை விமானிக்குத் தெரியும். மேலும், உறுதி மணி நேரம் 63 ஆனாலும் பணி அட்டவணையான ரோஸ்டரில் சிலருக்கு 80 மணி நேரம் வரும், சிலருக்கு 63தான் வரும். மாதந்தோறும் ஒவ்வொருவரின் பறப்பு நேரத்தையும் சங்கத்துக்குக் காட்ட வேண்டும் என்ற பிரிவு இல்லாமல், பகிர்வு பகிர்வாக இருக்காது.

இத்தனைக்குப் பிறகும், சரிவு ஓராண்டுக்குள் முடியும் என்று நம்பக் காரணம் இருந்தால், நான் சாய்வது இந்த வழியின் பக்கமே. அனைவரும் பறந்துகொண்டிருப்பதால் உரிமம் உயிரோடிருக்கும். கடனோடு சேர்ந்த இளையவரின் வேலை நிற்கும். வெளியே போனவர், உள்ளே இருப்பவர் என்று சங்கம் இரண்டாகப் பிளக்காது.

## நான்காம் வழி: விருப்ப ஓய்வு

இதைப் பற்றி நீலகிரியில் அதிகம் சொல்லத் தேவையில்லை. 1960இல் தொடங்கப்பட்டு 1996இல் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்ட ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்த குடும்பங்கள் இங்கே நிறைய. 2014இல் மத்திய அரசு அதன் ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வை அனுமதித்தபோது, தொகை 2007ஆம் ஆண்டின் ஊதிய விகித அடிப்படையில் கணக்கிடப்பட்டது. எத்தனை மாதச் சம்பளம் தருவார்கள் என்பதைவிட எந்தத் தேதியின் சம்பளம் என்பது முக்கியமாகும் இடம் அது. விமானிகளுக்கும் அதுவே: உறுதி மணி நேரம் குறைக்கப்பட்ட பின் விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டால், குறைப்புக்கு முந்தைய சம்பளமே அடிப்படை என்று எழுதிக்கொள்ள வேண்டும். அறுபதைக் கடந்து, மருத்துவச் சான்று ஒவ்வொரு முறையும் கவலையாகிவிட்டவருக்கு இது நல்ல வழி. நாற்பதுகளில் இருப்பவர் வேறு நிறுவனத்தில் உறுதியான இடம் இல்லாமல் இதைத் தொடக் கூடாது. அங்கே பணிமூப்பு வரிசையின் கடைசியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

## வாக்குச் சீட்டுக்கு முன்

நடைமுறையில் சங்கம் இவற்றைக் கலந்தே கேட்க முடியும். முதலில் முடிவுத் தேதி உள்ள குறுகிய சம்பளமில்லா விடுப்பைப் பணிமூப்பு வரிசையில் வழங்கச் சொல்லலாம். அதில் நிறையாத மிச்சத்தை முடிவுத் தேதியுள்ள வேலைப் பகிர்வால் ஈடுகட்டலாம். இந்த வரிசையில் வைத்தால், தாங்கக்கூடியவர்கள் விலகி நிற்க, தாங்க முடியாதவர்கள் மீது விழும் பாரம் குறையும். திருமணத்துக்கு முன்போ கடன் முடியும் முன்போ உள்ள துணை விமானி, நண்பர்கள் எழுதுகிறார்கள் என்பதற்காக முதல் வழிக்கு விண்ணப்பிக்க வேண்டாம். அவருக்கு மூன்றாம் வழியே பாதுகாப்பு.

வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பாவது ஒப்பந்தத்தின் முழு வாசகத்தை உறுப்பினர்களுக்குத் தரும்படி கேளுங்கள். சுருக்கக் குறிப்பை மட்டும் வைத்து வாக்களிக்காதீர்கள். அதில் நான்காம் அளவுகோலுக்கான பிரிவைத் தேடுங்கள். முன்வந்தவர்கள் போதாவிட்டாலும் ஒப்பந்தக் காலத்தில் எவரும் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட மாட்டார்கள் என்ற வரி அங்கே இருக்க வேண்டும். அந்த வரியை எழுத நிர்வாகம் மறுத்தால், விடுப்புக்கான சம்பள விழுக்காடு எவ்வளவு உயர்ந்திருந்தாலும், ஒப்பந்தத்தை நிராகரித்துப் பேச்சுவார்த்தைக் குழுவை மறுபடி மேசைக்கு அனுப்புவதே சரி.